செத்தவீடு மட்டும் வேண்டாம்

அக்கராயனில் என் வீட்டை வாங்க வந்தவர், செருப்பைக் கழற்றிப் படலையோரம் சோடியாக வைத்தார். மெலிந்த மனிதர்; நிலத்தைப் பார்த்தே பேசுவார். மகளின் ஒப்பரேசனுக்காக விற்கிறேன் என்றேன். அவர் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.

"சாகுமட்டும் நீங்கள் இஞ்சையே இருங்கோ அம்மா. சீவிய உரித்து எழுதித் தாறன். ஆனால் செத்தவீடு மட்டும் இஞ்சை வேண்டாம். என்ரை பிள்ளையள் குடியிருக்கப் போற வீடு."

"அப்ப, சாகேக்கை நான் எழும்பிப் படலைக்கு வெளியிலை போய்ப் படுக்கட்டோ?"

அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் முந்தியே மகளிட்டைப் போயிடுங்கோ அம்மா."

வேறு ஆள் வரவில்லை. எழுத்துக்கூட்டிக் கையெழுத்து வைத்தேன். மகள் பிழைக்கவில்லை. முந்திப் போவதற்கு எனக்கு இனி இடமுமில்லை.

மாதாமாதம் அவர் வாழைப்பழத்தோடு வருகிறார். செருப்பைச் சோடியாக வைத்துவிட்டு, "சுகமோ அம்மா?" என்கிறார். நிமிர்ந்து நின்று, "சுகம்" என்கிறேன். எந்தப் பதிலுக்காக வருகிறாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.