நீலக் குவளையில் டின் பால்

எங்கள் சமையலறை ஆணியில், விளிம்பு பெயர்ந்த நீல எனாமல் குவளை ஒன்று தொங்குகிறது. என் மாமனாருடையது. கிள்ளான் ரயில் நிலையத்தில் சாமான் தூக்கியவர் அவர். டின் பால் காப்பியைப் போல் சத்துள்ள பொருள் பூமியில் இல்லை என்று நம்பியவர்.

நான் பெண் பார்க்கப் போன காலையில் இந்தக் குவளையில்தான் காப்பி கொடுத்தார்கள். எங்கள் ஊரான பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் வரும்போதே அண்ணன் எச்சரித்திருந்தார்: "குடுக்குற கோப்பிய மிச்சம் வைக்காதடா. வச்சா பொண்ணு வேணாம்னு அர்த்தம்." எனக்கோ சிறு வயதிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது. அதைச் சொல்லக் கூச்சம். கதவோரம் நின்ற பெண்ணை ஒரு தரம் பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். போத்தலில் விற்கும் காப்பிச் சாறு இரண்டு கரண்டி, வெந்நீர், அதன்மேல் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு டின் பால்.

காலிக் குவளையைக் கண்டு மாமனார் பூரித்துப்போனார். "மாப்பிள்ள விரும்பிக் குடிக்கிறாரு லா!" என்று மறுபடி நிரப்பினார். டின்னில் ஒட்டியிருந்த கொழுத்த குழந்தையின் படத்தைக் காட்டி, "ரெண்டே மாசம், நீங்களும் இப்படி ஆயிருவீங்க" என்றார். மூன்றாவது குவளை பாதியில் இருக்கையில் என் வயிறு பேசத் தொடங்கியது. அதுவரை நான் வாய் திறக்காத குறையை அது தீர்த்துவைத்தது. குவளையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பின்கதவு வழியாக ஓடினேன்.

கக்கூஸின் தகரக் கதவுக்குள் இருந்தபோது, வீட்டில் மாமியார் அழுவது கேட்டது. "கோப்பிய மிச்சம் வச்சிட்டு ஓடிட்டாரே!" சற்று நேரத்தில் மாமனாரின் செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"எங்க பொண்ணுகிட்ட என்ன குறை தம்பி? சொல்லிட்டுப் போங்க." மாப்பிள்ளையாக இருந்த நான் அதற்குள் தம்பியாகிவிட்டிருந்தேன்.

முகம் பார்த்திருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்காது. தகரக் கதவு தைரியம் கொடுத்தது. "பொண்ணப் பிடிச்சிருக்கு. பால்தான் ஒத்துக்கல."

செருப்புச் சத்தம் கதவுக்கு இன்னும் நெருங்கி வந்தது. பிறகு, "பால் ஒத்துக்காத மனுசனும் உண்டா?" என்று மெய்யாகவே வியந்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. எப்போது போனாலும் "மருந்து மாதிரி கொஞ்சம்" என்று அந்தக் குவளையை நீட்டுவார். என் மனைவிதான் அவர் பார்க்காதபோது அதை வாங்கிக் குடித்துவிடுவாள். சத்தெல்லாம் அவளுக்கே போயிற்று.

போன வாரம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பிள்ளை வந்திருந்தான். மனைவி நீலக் குவளையை ஆணியிலிருந்து எடுத்துக் கழுவினாள். நானாக வாயைத் திறந்து, "தம்பி, பால் ஒத்துக்குமா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கும் மாமா" என்றான் உடனே. அவன் கண்கள் மட்டும் பின்கதவைத் தேடின. காப்பியில் பால் வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பின்கதவின் தாழ்ப்பாளையும் நீக்கி வைத்தேன்.