நான் வலம் வர மறுத்த திங்கட்கிழமை

அடியார் பெருமக்களே, நான் ஆண்டவனிடம் பணிவாகக் கேட்டு வாங்கியவள் இல்லை. சண்டை போட்டு வாங்கியவள்.

கல்லூரியில் வெக்டர் கால்குலஸ் பேப்பரில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று குமராட்சியில் எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. "பொட்டப் புள்ளைக்குக் கணக்கு எதுக்குடி? இந்தத் தடவயும் போச்சின்னா நான் பாத்து வச்சிருக்கற பையன்தான்" என்றார் என் தாய்மாமா.

என்னைக் கவிழ்த்தது ஒரே பகுதி. சதுரமோ முக்கோணமோ, ஒரு மூடிய பாதை கொடுப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் t என்ற ஒரே மாறியை வைத்து எழுதி, பாதை நெடுகத் தொகையிட்டுக் கூட்ட வேண்டும். எனக்கு எண் சரியாக வரும். ப்ளஸ் வரவேண்டிய இடத்தில் மைனஸ் வரும். எத்தனை முறை போட்டாலும் மைனஸ்தான்.

திங்கட்கிழமைதோறும் மினிபஸ் ஏறிச் சிதம்பரம் வந்து, கோயிலைச் சுற்றித் தேரோடும் நான்கு வீதிகளையும் வலம் வந்து வேண்டுவேன். பரீட்சைக்கு முந்தின திங்கட்கிழமை அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கீழ வீதியில் நின்று வாய்விட்டே சொன்னேன். "இத்தன வாரம் ஒன்னச் சுத்துனேன். மைனஸ்தான் குடுத்த. இன்னிக்கு வலமா வரமாட்டேன், போ!" வழக்கம்போலத் தெற்கே போகாமல், வடக்கு வீதிப் பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தேன்.

மூலையில் பூ விற்கும் அக்கா சிரித்தார். "இன்னாம்மா, எல்லாரும் அப்படிப் போறாங்க, நீ மட்டும் எதிர்ல வர்ற?"

அங்கேயே நின்றுவிட்டேன். நோட்டில் அத்தனை சதுரங்களையும் நான் எப்படிச் சுற்றியிருக்கிறேன்? வலமாக, கடிகார முள் சுற்றுகிற திசையில். நடை பழகிய நாளிலிருந்து காலுக்குத் தெரிந்த திசை அதுதான். கணக்கிலோ கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். திசை மாறினால் குறி மாறும். வகுப்பில் சொன்னதுதான், என் மண்டையில் ஏறவில்லை.

கோபுர வாசலில் உட்கார்ந்து பையிலிருந்த நோட்டைப் பிரித்தேன். ஒரு சதுரத்தை எதிர்த்திசையில் சுற்றிப் போட்டேன். ப்ளஸ். சுற்றிலும் ஆள் இருப்பதை மறந்து அழுதேன். தற்செயல் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கோபத்தைக் கொடுத்துத் திருப்பி நடக்கவிட்டவன் யாரென்று எனக்குத் தெரியும்.

பாஸ். மாமாவிடம் மார்க் ஷீட்டை நீட்டினேன். "அந்தப் பையன வேற பொண்ணு பாக்கச் சொல்லுங்க மாமா." இன்று நான் கடலூரில் கணக்கு டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகள் சதுரம் வரைந்தால் முதலில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போடவேண்டும்.

மனக்குறை இருந்தால் அவனிடமே போய்ச் சண்டை போடுங்கள். இல்லாதவனிடம் யாராவது சண்டை போடுவார்களா? பரீட்சை முடிந்ததும் முதல் திங்கட்கிழமை போய், விட்டுப்போன சுற்றையும் சேர்த்து இரண்டு சுற்று வந்தேன். வலமாகத்தான்.