ஆண்பிள்ளைக் கொலான் விற்ற மாரி

காலுறை விற்கிற தொழிலில் காலை அளப்பது சுகம். அந்தக் காலுக்குரிய பிள்ளையின் தகப்பனைச் சமாளிப்பதுதான் பாடு. நான் குடியேறிய பீல் என்ற குளிர்நாட்டு நகரில் பிள்ளைகள் உடுப்புக் கடையொன்றில் காலுறைப் பகுதி என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டி அனுப்புகிறவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம்.

தனித்தட்டு

கொலான் என்றால் இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஒட்டிக்கொள்ளும் பின்னல் உடுப்பு. இங்கே பனிக்காலத்தில் ஆண் பெண் பாராமல் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்சட்டைக்குள் போட்டுவிடுவார்கள். இங்குள்ள நம் தமிழர்கள் மகளுக்கு மட்டும் வாங்கி, மகனை விறைக்க விடுவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. போன மாரியில் ஆண்பிள்ளைகளுக்கென்று தனித்தட்டு கேட்டேன். கடை நடத்தும் மதாம் நிக்கோல் தந்தார், இப்படிச் சொல்லிக்கொண்டு:

“ஜனவரி முடியும்வரை பார்ப்பேன். விற்காவிட்டால் தட்டில் தொப்பி வரும், நீங்கள் பெட்டி அடுக்கும் அறைக்குப் போவீர்கள்.”

உடுப்புக் காயும் அறை

நத்தார்ப் பண்டிகை கழிந்தும் தட்டு அசையவில்லை. அப்போது வந்தார் ரமணன், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர். மகனுக்குக் கொலான் போட்டு அனுப்பும்படி பாலர் வகுப்பு ஆசிரியை அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ரமணன் கொலானைச் செத்த பல்லியைப் போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சூடு, மென்மை என்று நான் அடுக்கியது ஒன்றும் எடுபடவில்லை. அவருடைய கட்டடத்தில் உடுப்புக் காயப்போட எல்லாருக்கும் ஒரே அறை, அங்கே நாலு தமிழ்க் குடும்பம்.

“பெடியன்ர கொலான் கொடியில தொங்கிறதைக் கண்டால் சனம் என்ன கதைக்கும், அண்ணை?”

வகுப்புப் படம்

கொள்ளுப்பேரனுக்குக் காலுறை வாங்க வரும் மொசியு ரெனே பிரான்சில் பிறந்தவர். என் புலம்பலைக் கேட்டு, தன் பள்ளிக்கூடப் படமொன்றைக் கொண்டுவந்தார். முழுக்க ஆண்பிள்ளைகள்: கறுப்பு மேலங்கி, அரைக் காற்சட்டை, தொடைவரை ஏறிய கம்பளிக் காலுறை. அது நழுவாதிருக்க உள்சட்டையிலிருந்து இலாஸ்டிக் கொண்டு இழுத்துக் கட்டுவார்களாம். நீளக் காற்சட்டை என்பது வளர்ந்த பிறகு கிடைக்கும் பதவி உயர்வு.

நாங்கள் படத்தைத் தட்டில் ஒட்டும் நேரம், ஆசிரியையின் இரண்டாம் கடிதத்தோடு ரமணன் நுழைந்தார். “இவையள் எல்லாம் பெடியளோ?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மொசியு ரெனே ஒரு முரட்டு முகத்தில் விரலை வைத்தார்.

“இவன் எங்கள் ஊர்ச் சண்டியன். காலுறை நழுவினால் மட்டும்தான் அழுவான்.”

ரமணன் இரண்டு சோடி வாங்கினார்.

வெறுந்தட்டு

கொடியில் முதலாவது தொங்கியதும் மற்ற மூன்று வீட்டாருக்கும் துணிவு வந்துவிட்டது. அவர்கள் சொல்லி வேறு ஆட்களும் வந்தார்கள். ஜனவரி கடைசி வாரம் வெறுந்தட்டின் முன் மதாமைக் கூட்டிவந்து நிறுத்தினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன், ஏன் மறைக்கவேண்டும்? அவர் புது ஓடருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போகும்வரை மூலையில் காத்திருந்த ரமணன், கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“விடிய வெள்ளனப் பனிக்குள்ள நிண்டு பார்சல் குடுக்கிறன், அண்ணை. புது ஓடரில என்ர அளவிலயும் ஒண்டு எடுப்பிச்சுத் தாங்கோ.”

தட்டு இப்போது இரண்டாகிக் கடை வாசலுக்கே வந்துவிட்டது. தகப்பன்மார்தான் இன்னமும் மகனுக்கு என்று சொல்லி ஆறடி அளவு கேட்கிறார்கள்.