தரையை விட்டுக் கிளம்பும் நேரம்

அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெளிநாடு பறந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் கல்பகம். பம்பாயில் விமானம் மாற நாலு மணி நேரம் இல்லையென்றால் டிக்கெட்டைக் கையில் தர மாட்டாள். "இறங்கற இடம் வேற, வெளிநாட்டு ஃப்ளைட் ஏறற இடம் வேற. பெட்டியை எடுத்துண்டு பஸ் பிடிச்சுப் போகணும்" என்று ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுப்பாள். 'நாலு மணி ஆன்ட்டி' என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே! பதினோரு வருஷத்தில் அவள் அனுப்பிய ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை.

வீட்டில் மட்டும் அதற்குச் சல்லிக்காசு மரியாதை கிடையாது.

2006 ஜூலையில் மகள் சுபாஸ்ரீக்கு லண்டனில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. காலை விமானங்களில் இடமில்லாததால் கல்பகம் புதன்கிழமை பகல் பன்னிரண்டரை விமானத்தைப் போட்டாள். பம்பாயில் இரண்டு மணிக்கு இறங்கினால், ஆறு மணி லண்டன் விமானத்துக்குத் தாராளம்.

மெட்டுகுடா வீட்டுக்கு வந்த கணவனின் அண்ணன் ராமச்சந்திரன் டிக்கெட்டைப் பார்த்ததும் குதித்தார். "புதன்கிழமை பன்னண்டுலேர்ந்து ஒன்றரை ராகு காலம்! புத்தி இருக்கா?"

"வீட்டை விட்டுப் பத்து மணிக்கே கிளம்பிடறாளே, அண்ணா."

"தரையை விட்டு எப்போ கிளம்பறா? அதைச் சொல்லு. அடுத்த ஃப்ளைட்டுக்கு மாத்து."

"அது மூணே முக்காலுக்குத்தான் இறங்கும். மழைக்காலம் வேற."

கணவன் ஸ்ரீனிவாசன் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "நக்கோ, வேண்டாம் கல்பகம், அண்ணாவோட வாதாடாதே."

மாற்றினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

பம்பாயில் கொட்டோ கொட்டென்று மழை. விமானம் முக்கால் மணி நேரம் வானத்திலேயே சுற்றியது. பெட்டி வந்து, பஸ் வந்து, சுபாஸ்ரீ ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால். கவுண்டரை ஐந்துக்கே மூடிவிட்டார்கள். "ஃப்ளைட் இன்னும் இங்கேதாம்மா நிக்கறது, ஏத்திக்க மாட்டேங்கறா" என்று போனில் அழுதாள். கல்பகம் உடனே வேறு விமானம் தேடினாள். அடுத்த இடம் சனிக்கிழமைதான் இருந்தது. அதற்குள் வேலை போய்விட்டது.

"டிக்கெட் போட்டது இவதானே" என்றார் ராமச்சந்திரன், காபியை ஆற்றிக்கொண்டே. ஸ்ரீனிவாசன் தலையாட்டினார். அட பாவிகளா! சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறாள், பெற்ற பெண்ணுக்குப் போடத் தெரியவில்லையாம்.

சுபாஸ்ரீ அமீர்பேட்டிலேயே ஜாவா சொல்லிக்கொடுக்கப் போனாள். அவளிடம் படித்தவர்கள் லண்டன் போனார்கள்.

மூன்று வருஷம் கழித்து ராமச்சந்திரனே கல்பகத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தார். மகன் பிரசாத்துக்குக் கனடாவில் வேலை. "நடுவுல அஞ்சு மணி நேரமாவது இருக்கணும்மா."

"அப்படின்னா திங்கக்கிழமை காலம்பற எட்டு மணி ஃப்ளைட்தான். சுத்தமான ராகு காலம், அண்ணா."

"ஃப்ளைட்டுக்கு ஏதும்மா ராகு காலம்! பிள்ளையோட வேலை முக்கியமில்லையா?"

கல்பகம் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஐந்தரை மணி நேர இடைவெளியோடு டிக்கெட் அச்சாகி வந்தது. ராமச்சந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இப்பவாவது ஒழுங்கா டிக்கெட் போடக் கத்துண்டியே" என்றார்.