வடக்கே தலை வைத்த கட்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயம், வைக்கோல் படப்பின் உச்சியிலிருந்து விழுந்து வலது கால் எலும்பை முறித்துக்கொண்டேன். ஊர் வைத்தியர் கட்டிய கட்டு கோணிப்போய்ப் புண்ணாகிவிட, வில்வண்டியில் போட்டு வேதக்காரப் பாதிரிமார்கள் நடத்திய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பலகை வைத்துக் கட்டினார். “அசையாமல் கிடந்தால் எலும்பு கூடும். இல்லையென்றால் காலை எடுக்கவேண்டியதுதான்” என்றார், செருப்பைக் கழற்றச் சொல்வதுபோல.

அசையாமல் கிடக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் தலைமாடு வடக்குச் சுவரோடு இருந்தது. வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் வீட்டில் கஞ்சியோடு ஊட்டி வளர்த்த பயம். இடுப்பைத் திருகித் திருகித் தலையைக் கிழக்கே கொண்டுபோவேன். கட்டு நெகிழும். நர்ஸம்மா வந்து நேராக்கிவிட்டுப் போவார், மறுபடி திருகுவேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

ஒருநாள் காலை நர்ஸம்மா இரண்டு ஆட்களோடு வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் என்னோடு கட்டிலைத் தூக்கினார்கள். காலை வெட்டத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன்.

“அம்மா, வெட்டாதீங்கோ, இனி அசைய மாட்டேன்” என்று வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

கட்டில் வாசல்வரைகூடப் போகவில்லை. அரைவட்டம் சுற்றி அதே இடத்தில் இறங்கியது.

“தலை இப்பம் தெக்கே இருக்கு. இனியாவது பேசாம கிடப்பீரா?” என்றார் நர்ஸம்மா.

“உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? நோவுல திருகுதவன் எந்தப் பக்கமும் திருகுவான். நீரு எப்பவும் வடக்க விட்டுல்லா ஓடுதீரு.”

அன்று பகல் முழுக்க அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். வரிசை கெட்டுக் கிடந்ததைக் கண்டு டாக்டர் முகம் சுளித்தார். பிறகு கட்டைத் தொட்டுப் பார்த்தார். அது நெகிழாமல் இருக்கவே, கட்டிலை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

எலும்பு கூடியது. ஊன்றுகோலோடு நான் புறப்பட்ட அன்று, வாசலை அடையுமுன்பே என் கட்டிலை வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். குளச்சலிலிருந்து வந்த ஒரு மீன்காரரை அதில் கிடத்தினார்கள்.

“உமக்கு எப்பிடிப் படுத்தா உறக்கம் வரும்?” என்று நர்ஸம்மா கேட்பது காதில் விழுந்தது.

கேட்டது தன்னிடம்தானா என்று அந்த மனிதர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். நானும் நடை மறந்து நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.