என் நாக்கை ஏமாற்றிய உருண்டை

என் மேஜையின் மேல் ஒரு பொடி டப்பி இருக்கிறது. உள்ளே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுத்துச் சுருங்கிய ஒரே ஓர் உருண்டை. ஆம்பூரில் தோல் பதனிடும் என் ஷாப்புக்கு வருகிற வியாபாரிகள், "இன்னா முதலாளி, லேகியமா?" என்று சிரிப்பார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒண்டியாளாய் நாற்பது தொட்டிக்கு உயர்ந்தவன் ஓர் உருண்டையைப் பொத்திப் பொத்தி வைத்தால் கேட்கத்தானே செய்வார்கள்? அது ஜெயில் டாக்டர் கொடுத்தது.

ஆமாம், ஜெயிலில் இருந்தவன்தான் நான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அபின் லைசென்சுக் கடையிலேயே கிடைக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நாள் முழுக்கத் தோல் புரட்டுகிறவனுக்கு உடம்பு வலிக்கு அதுதான் மருந்து. முதலில் கடுகளவு தின்றேன், பிறகு மிளகளவு, கடைசியில் அதற்காகவே வேலை செய்த இடத்தில் தோல் திருடி மாட்டிக்கொண்டேன். என் மனைவி கோர்ட்டு வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அபினை வுட்டுட்டு வந்தா வூட்டுக்கு வா. இல்லன்னா அப்படியே ரயிலேறிப் போய்டு." சொன்னால் சொன்னதுதான், அவள்.

வேலூர்ப் பக்கம் ஒரு ஜெயிலில் போட்டார்கள். அபின்காரன் உள்ளே வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவது அதுவரை வழக்கம். வயிறு கழிந்து, கைகால் முறுக்கிச் சுவரில் முட்டிக்கொள்வான். வெளியே போன மறுநாள் நேரே கடைக்குப் போவான். புதிதாக வந்த டாக்டர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர், இதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெயில் சூப்பரிண்டெண்டு துரையிடம் மன்றாடி எங்கள் ஏழு பேரைத் தனி ஷெட்டில் வைத்தார். பால், கஞ்சி, பாதி நாள் வேலை, வாராவாரம் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே போகும் அபின் உருண்டை. இதுதான் அவர் வைத்தியம். ஆனால் உருண்டை சிறுத்ததைக் கண்டதும் ஆள்கள் தட்டை வீசிக் கலாட்டா செய்தார்கள். "கிறிஸ்மஸுக்குள் ஏழு பேரும் அபினை விட்டாக வேண்டும். ஒருத்தன் தவறினாலும் ஷெட்டை மூடு" என்றார் துரை. மூடினால் பழையபடி சுவரில் முட்ட வேண்டியதுதான். என் வீடும் போய்விடும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் ஆவாரம் பட்டை ஊறிய கெட்டித் தண்ணீரில் போட்டால் மேலே வெந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். லேசான தொட்டியில் தொடங்கி, மாறுவது தோலுக்கே தெரியாமல் மாற்ற வேண்டும். டாக்டரிடம் போய் நின்றேன். "ஐயா, உருண்டை சிறுக்கறது கண்ணுக்குத் தெரியுது. அதான் பேஜார். சைஸ் அப்படியே இருக்கட்டும். அபினைக் கம்மி பண்ணி, ஆவாரம் பட்டைத் தூளை ஜாஸ்தி பண்ணுங்க."

டாக்டர் உடனே தலையாட்டினார். கசப்புக்கு நிலவேம்பும் சேர்க்கலாம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பட்டை மேஸ்திரி, மத்தவங்களை ஏமாத்தலாம். உன்னை?" என்று கேட்டார்.

"நம்ம கிட்ட நடக்காதுங்க. ஒரு சொட்டு நாக்குல வெச்சா, தொட்டிக்கு எத்தினி நாளாச்சுன்னே சொல்லிடுவேன்."

பாலாற்றங்கரையில் என் நாக்குக்கு மிஞ்சிய நாக்கு அன்றைக்கும் கிடையாது. அதனால் எனக்கு மட்டும் தனி டப்பி. "இதுல பாதி அபின்" என்று சொல்லியே கொடுத்தார். பட்டை இடித்துச் சலித்து, பதம் பார்க்கக் கணத்துக்கொரு தரம் நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை.

கிறிஸ்மஸுக்குத் துரை சொன்னபடி வந்தார். "ஏழு பேருக்கும் அபின் நின்று பத்தொன்பது நாள் ஆகிறது" என்றார் டாக்டர். எனக்குப் பொறுக்கவில்லை, என் நாக்குக்குத் தெரியாமல் போகுமா? முன்னால் வந்து சலாம் போட்டேன். "மத்தவங்களுக்குச் சரிங்க துரை. என் உருண்டையில பாதி அபின் இருக்குது. என் நாக்கு பொய் சொல்லாது!"

துரையின் முகம் சிவந்தது. ஷெட்டைப் பூட்டச் சொல்லி வார்டருக்குக் கையைக் காட்டினார். டாக்டர் நேரே என்னிடம் வந்தார். என் டப்பியைப் பிடுங்கினார், இருந்த உருண்டை அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டினார், வாயில் போட ஆரம்பித்தார்!

"அய்யோ, துப்புங்க ஐயா! செத்துப்போய்டுவீங்க!" கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மென்றுகொண்டே இருந்தார். அதில் பாதி அபின் இருந்தாலே ஆளை அடிக்கும். துரை கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் ஒருத்தன் காலில் இருந்த புண்ணுக்குக் கட்டுக் கட்டினார். கண் சொருகவில்லை, பேச்சுக் குழறவில்லை.

கடைசியில் திரும்பினார். "கசப்பைக்கூடத் தாங்கலாம், இந்தத் துவர்ப்பு தாங்கலை. தண்ணி குடு மேஸ்திரி. நாள் பூரா பட்டையை வெச்சு வெச்சு உன் நாக்கு மரத்துப் போச்சு. அதான் தைரியமா உனக்கும் வெறும் பட்டை உருண்டையையே குடுத்தேன்."

துரையே சிரித்துவிட்டார். "இன்னாடா, பொய் சொல்லாத நாக்கு எங்கடா?" என்று ஆறு பேரும் என்னைச் சுற்றிக் கூத்தடித்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. பத்தொன்பது நாள்! அபின் இல்லாமல் பட்டை இடித்திருக்கிறேன், தின்றிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன்! ஷெட்டை மூடவில்லை, பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். விடுதலையாகி வீட்டுக்குப் போன அன்று மனைவி என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டாள்.

அந்த ஷெட்டிலிருந்து வந்த எத்தனையோ பேர் இன்று என் தொட்டிகளில் நிற்கிறார்கள். யோசனை என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்வேன், ஏன் சொல்லக் கூடாது?

டப்பியில் இருப்பது, நான் டாக்டரின் கையை இழுத்தபோது கீழே உருண்டு, நான் எடுத்து வைத்துக்கொண்டது. பட்டைதான், சந்தேகமில்லை. நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தரமும் வைத்ததில்லை.