சைரன் இல்லாமல் நத்தம் ரோட்டில்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு மூட்டைதான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வாழைத்தாரும் காய்கறிக் கூடையும் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றி இறக்கினேன். பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். கல்யாணமான பிறகு வாரக்கணக்கில் வெளியூரில் கிடக்கப் பிடிக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். நான் இறங்க வேண்டிய இடத்தைப் பஸ் தாண்டிப் போனாலும் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஆம்புலன்ஸ் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்க வேண்டியதை எல்லாம் சைரன் கேட்டுவிடும்.

ஓட்டுவது பாதி வேலைதான். தூக்குவது மீதி. பேகம்பூர்ச் சந்துகளில் எங்கள் வண்டி நுழையாது. மாடி வீடாக இருந்தால் ஸ்ட்ரெச்சரும் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, ஒவ்வொரு படியாக இறக்குவோம். அதற்குள் சந்தில் இருப்பவர்கள் பைக்குகளை எல்லாம் ஓரம் தள்ளி வைத்திருப்பார்கள். ஒருமுறை அப்படி இறக்கும்போது நாற்காலியில் இருந்த பெரியவர், "ஏப்பா, மெதுவா. நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார். மூட்டை தூக்கிய தோள்தானே, அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வழியில் உயிர் போய்விட்டால், முன் சீட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்ல மாட்டோம். ஓடுகிற வண்டியில் அதைக் கேட்டு யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவோம். "எப்படி இருக்காரு?" என்று கேட்டால், "நல்லாருக்காரு" என்போம். இந்தப் பழக்கம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கும் தெரியும். அதனால் டிரைவர் வாய்ச்சொல்லை யாரும் நம்புவதில்லை. சைரனைத்தான் நம்புவார்கள். பாதி வழியில் அது நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மாங்காய் சீசனில், காலை வேளையில், நத்தம் பக்கம் தோப்புக் காவல் பார்க்கும் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று கூப்பிட்டார்கள். வியர்வையில் நனைந்து தோப்பு வாசலிலேயே கட்டிலில் கிடந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏற்றிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. கூட வந்த நர்சம்மா அந்த அக்காவை இறக்கி முன் சீட்டுக்கு அனுப்பினார்.

"இவங்க பேசப் பேச அவரும் பதில் சொல்லப் பாக்குறாரு அண்ணே. அவரு பேசக் கூடாது."

கிளம்பினோம். மருமகனும் சொந்தக்காரர்களும் பைக்குகளில் பின்னால் வந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலை நர்சம்மா தட்டினார்.

"சைரனை அமத்துங்கண்ணே. சத்தம் கேக்கக் கேக்க மெரளுறாரு. துடிப்பு ஏறுது."

அமர்த்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்காவிடம் காரணம் சொல்லவில்லை. சைரனும் எதிர்க்காற்றுமாக இருந்ததில் நர்சம்மா சொன்னது அவர் காதில் விழவில்லை போல.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவருடைய தங்கச்சி. அந்த அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா, மச்சான் எப்பக்கா போனாரு? மாப்பிள்ளை இப்பத்தான் போன் பண்ணுனாரு. பந்தலுக்குச் சொல்லியாச்சுக்கா!"

அக்கா போனை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உள்ள முடிஞ்சுபோச்சா?"

"இல்லக்கா. நல்லாருக்காரு."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. மற்ற எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைதான்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீக," என்றார்.

நான் இடது கையால் கண்ணாடியைத் திறந்தேன். நர்சம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த மனிதரின் கையை மெதுவாகத் தூக்கி ஜன்னல் வழியாக நீட்டினார். அக்கா உடம்பைத் திருப்பி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சூடா இருக்குல்லக்கா?"

"எங்காத்தா போனப்பவும் செத்த நேரம் சூடு இருந்துச்சு தம்பி."

"கைய அமுக்குறாரு பாருங்க."

"வண்டி ஆட்டுது."

கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே, தொழிலில் இருக்கிறவர்கள் வெளியில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அக்கா, உள்ள இருக்கவரு போயிருந்தா நான் இம்புட்டு வெரசா ஓட்ட மாட்டேன். அதுக்கப்புறம் மெதுவாத்தான் போவோம். அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது? வண்டி எப்படிப் போகுதுன்னு நீங்களே பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். புளியமரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "அப்ப மெதுவாப் போயிராத தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேகத்தடை வந்தால் அக்காவின் உடம்பு விறைக்கும். மாங்காய் ஏற்றிய மினி லாரிக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கினால், "ஏன் தம்பி? ஏன்?" என்பார். "லாரிக்கா, லாரி," என்பேன். ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. கையால் ஆடுகளைக் காட்டினேன். அவர் கடைசி ஆடு கடக்கும்வரை புருஷன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மேய்க்கிறவரை வைது தீர்த்தார்.

திண்டுக்கல்லுக்குள் நுழைந்ததும் வண்டி நின்றேவிட்டது. முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள். சைரன் போட்டால் உள்ளே இருப்பவர் மறுபடி மிரளுவார். ஹாரன் மட்டும் அடித்தேன். சைரன் போடாத ஆம்புலன்ஸை யார் மதிக்கிறார்கள்? காலி வண்டி என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர், "என்னண்ணே, டீ குடிக்கப் போறியா? என்ன அவசரம்?" என்று சிரித்தார்.

அக்கா எதுவும் கேட்கவில்லை. வண்டி நின்றுவிட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல்கள் அந்தக் கையிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்வதைப் பார்த்தேன்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினேன்.

"வழி விடுங்கய்யா! உள்ள ஆளு இருக்கு! உசுரோட இருக்காரு! உசுரோட இருக்காரு!"

ரோடே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் நின்றவர்கள், பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காது மடல் எரிந்தது. நான் நிறுத்தவில்லை. சிரித்த ஆட்டோக்காரரே குதித்து இறங்கி, தள்ளுவண்டியை ஓரம் தள்ளி, பஸ் டிரைவரின் கதவைத் தட்டினார். "எடுங்கண்ணே, உசுரு இருக்காம்!" என்று அவரும் கத்தினார். வழி கிடைத்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா மறுபடியும் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுக்கப் போனால், அது வரவில்லை. அக்கா முன்னால் இருந்து கையை விடவில்லை.

"விடுங்கக்கா, இறக்கணும்."

"விட்டா?"

அப்போது ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"விடு புள்ள. கை வலிக்குது."

அக்கா பட்டென்று விட்டுவிட்டார்.

வழக்கமாக ஆளை இறக்கியதும் வண்டியைக் கழுவப் போய்விடுவேன். அன்றைக்குப் போக மனம் வரவில்லை. வராந்தா ஓரத்தில் நின்றேன். மருமகனும் மற்றவர்களும் அழுதபடி வந்து சேர்ந்தார்கள். அக்கா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, அபாயம் தாண்டிவிட்டது, சில நாள் இங்கே இருக்கட்டும் என்றார்.

அக்கா போனை எடுத்தார்.

"ஏய், பந்தக்காரனத் திருப்பி அனுப்புங்கடி. இங்க அவரு கைய இறுக்கிப் பிடிச்சேன்னு என்னைய வையுறாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், போனைக் காதில் வைத்தபடி உடைந்து அழுதார். அந்தப் பக்கம் தங்கச்சி பயந்துபோய் மறுபடி ஓலமிடுவது வராந்தா வரைக்கும் கேட்டது.

"கத்தாதடி," என்றார் அக்கா. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இது வேற அழுகை."